பிறகு

நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள்.
இருசப்பன் வாழ்க்கை வரலாறு.
படத்துக்கு இடம் விட்டு நூற்றைம்பது வார்த்தை.
நான் சங்கத்தில் ரசீது கிழித்தவன்,
எனக்குத் தெரிந்தது அதற்குள் அடங்காது.

பேச வராது அவருக்கு.
மைக்கைப் பிடித்து அவர் செருமிக்கொண்டிருக்கும்போதே
பாதிக் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும்.
செட்டிச்சாவடிக் குழியில் கூடை எண்ணிய பையன்,
எண்ணத்தான் தெரியும்.

"பன்னெண்டு கூடை ஒரு பொட்டின்னு கம்பெனி எழுதியிருக்கு.
மேஸ்திரி பதிமூணு வாங்கறாரு.
நாளைக்கு ஒரு கூடை.
வருசத்துக்கு முந்நூறு நாள் வேலை.
முந்நூறு கூடை வெள்ளக்கல்லு
எந்த ஊட்டுக்குப் போச்சு?"

அவ்வளவுதான் பேச்சு.
இருட்டில் விரல் மடக்கும் கைகளில்
வளையல் நகர்கிற சத்தம் மட்டும் கேட்கும்.
மறுநாள் என் ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிடும்.

நாற்பத்தாறில் வேலைநிறுத்தம்.
நாற்பத்தோரு நாள் சூளை புகையவில்லை.
சூரமங்கலத்துப் பெண்கள்கூட
துணி காயப்போட்டால் வெள்ளை படியவில்லை என்றார்கள்.
கஞ்சித்தொட்டிக்கு விறகு பொறுக்கச்
சேர்வராயன் அடிவாரம் போனது கந்தாயி கூட்டம்.
லாரிக்கு முன்னால் படுத்ததும் அவர்கள்தான்.
படுத்து எழுந்தபோது
தார் ரோட்டில் ஆள் ஆளாக
வெள்ளை வடிவம் கிடந்தது,
மழை வரும்வரை.

ஒப்பந்தம் கம்பெனி பங்களாவில்.
அவர் சொல்ல நான் எழுதினேன்.
ஆண்களுக்கு நாளுக்கு இரண்டணா கூடுதல்.
பெண்கள் விஷயம்…
மேனேஜர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.
ஜன்னலுக்கு வெளியே நாற்பத்தோரு நாள் பசி
கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.
இருசப்பன் செருமினார்.
"பிறகு பேசப்படும்னு போடு."
போட்டேன்.
என் கையெழுத்து அழகானது, எல்லாரும் சொல்வார்கள்.

அதற்கப்புறம் நகரசபை.
அதற்கப்புறம் சட்டசபை.
சபைக் குறிப்பில் அவர் பெயர் மூன்று இடத்தில் வரும்.
குழி வேலைக்காரருக்குக் குடிநீர்க் குழாய்.
பெண்களுக்குக் கக்கூஸ்.
மூன்றாவது இடத்தில், "குறுக்கீடு".
என்ன குறுக்கிட்டார் என்று எழுதவில்லை.

ஒவ்வொரு மே தினமும் கொடி ஏற்றக் கயிற்றை இழுப்பார்.
கூட்டத்திலிருந்து கந்தாயி குரல் வரும்:
"பொறகு வந்துருச்சாண்ணா?"
சிரிப்பார்கள்.
ஐந்தாறு வருசத்தில் அதுவே அவர் பெயரானது.
பொறகண்ணன் வந்துட்டாரு, நாற்காலி போடு.
பொறகண்ணன் ஊட்டு மகளுக்குக் கல்யாணம்.
அவர் முன்னாலேயே சொல்வார்கள்,
அவரும் திரும்பிப் பார்ப்பார்.

பத்தொன்பது வருசம் கழித்து வந்தது.
கோர்ட் வழியாக, வேறொரு சங்கத்தின் வழக்கில்.
அன்றைக்கு மாலை போட வந்தவர்களிடம்
கதவைத் திறக்கவில்லை.

இறந்த மறுவாரம் அவர் டிரங்குப் பெட்டியை
என்னிடம் கொடுத்தார்கள், சங்கத்துக் காகிதம் என்று.
ஒரு நோட்டு.
இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி.
வருசத்துக்கு முப்பத்தேழு ரூபாய் எட்டணா பாக்கி.
நயா பைசா வந்தபின் முப்பத்தேழு ஐம்பது.
சென்னை ரயிலில் எழுதியவை தெரிகின்றன,
எழுத்து குலுங்கியிருக்கிறது.
செத்துப்போனவர்கள் பெயரை அடிக்கவில்லை,
தேதியோடு கணக்கை நிறுத்தியிருக்கிறார்.
கந்தாயி வரியில் மட்டும்
இரண்டு முறை கூட்டிச் சரிபார்த்திருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் மொத்தத்துக்குக் கோடு போட்டிருக்கிறது.
அடியில் ஒன்றுமில்லை.

எடுத்துக்கொண்டு கந்தாயியிடம் போனேன்.
படிக்கத் தெரியாது, வரிகளைத் தடவிப் பார்த்தாள்.
"தெரிஞ்சுதான் இருந்திருக்கான்" என்றாள்.
அது மன்னிப்பா வசவா என்று
எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மலருக்கு எழுதி அனுப்பிவிட்டேன்:
எளிமையானவர், கணக்கில் கெட்டிக்காரர்.
மீதியைப் பிறகு எழுதலாம் என்று
மூடி வைத்த பேனாவை
மறுபடி திறந்திருக்கிறேன்.